பேப்டிஸ்ட் ஆஸ்பத்திரி ஸ்டாப் தெரியும், பேப்டிஸ்ட் என்றால் யார்?

ஹெப்பாள் போகும் பஸ்ஸில் கண்டக்டர் "பேப்டிஸ்ட் ஆஸ்பத்ரே" என்று குரல் கொடுத்தால் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு வருவார்கள். பெங்களூரில் நிறையப் பேருக்கு பேப்டிஸ்ட் என்றால் பெல்லாரி ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியும் அதன் ஸ்டாப்பும்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் என்று நினைத்திருப்பவர்களும் உண்டு. என் ஆபீஸில் பக்கத்து சீட் அண்ணன் ஒருவர், சேலத்துக்காரர், பத்து வருடமாக அந்த வழியாகத்தான் வருகிறார், ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏம்ப்பா, பேப்டிஸ்ட்னா யாரு? நீ சிஎஸ்ஐ தானே, ரெண்டும் ஒண்ணா?"

"இல்லண்ணே, அவங்க முழுக்கு" என்றேன். "என்ன முழுக்கு, மாயவரம் கடைமுழுக்கா?" என்று சிரித்துவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தண்ணீரில் முழுசாக மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு, எனக்கே அதற்கு மேல் தெரியாது. நான் பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்து, நினைவு தெரிவதற்கு முன்பே தலையில் மூன்று சொட்டுத் தண்ணீர் தெளிக்கப்பட்டு ஞானஸ்நானம் வாங்கியவன். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு சின்னத் தமிழ் பேப்டிஸ்ட் சபை இருக்கிறது, பாட்டுச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான் பழக்கம். போன ஜனவரியில் அந்தச் சபையில் இருக்கும் கீழ்வீட்டு அக்கா, தன் மகன் ஞானஸ்நானம் எடுக்கிறான் வாருங்கள் என்று கூப்பிட்டார். போனேன். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் படித்தேன். அந்த அண்ணனுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தொட்டி. பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி, நீல டைல்ஸ், இறங்க நாலு படி. முந்தின நாள் சாயங்காலமே டேங்கர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தது. பெங்களூர் ஜனவரிக் குளிரில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும்! கீசர் வெந்நீர் ஆறு பக்கெட் கொண்டுவந்து ஊற்றினார்கள், அது தொட்டிக்கு உறைக்கவே இல்லை. எடுக்கிறவர்கள் எல்லாரும் வெள்ளை அங்கி. நான் உற்றுப் பார்த்தது அங்கியின் கீழ் ஓரத்தை. வலைக்குக் கட்டுகிற மாதிரி சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை மடித்துத் தைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் அங்கி குடை மாதிரி மேலே எழும்பிவிடும் என்றார் அக்கா. பையனுக்குப் பதினேழு வயது. எல்லார் முன்னாலும் தன் சாட்சியைச் சொன்னான், குரல் நடுங்கியது. பாஸ்டர் மூன்று கேள்வி கேட்டார், அவன் பதில் சொன்னான். அப்புறம் மூக்கில் கைக்குட்டை, முதுகுக்குப் பின்னால் பாஸ்டரின் கை, அப்படியே மல்லாக்கச் சாய்த்து முழுசாக உள்ளே, உடனே வெளியே. மொத்தம் இரண்டு விநாடி இருக்கும்.

மல்லாக்கச் சாய்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் 6-ஆம் அதிகாரத்தில், ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுந்திருப்பது என்று வருகிறது. அதனால் புதைக்கிற மாதிரி படுக்க வைத்து, எழுப்புகிற மாதிரி தூக்குகிறார்கள். தெளித்தால் இந்தப் படம் வராது என்பது அவர்கள் வாதம்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடம் மாறிவிடுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு என்பதுதான் பேப்டிஸ்ட்டுகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள சண்டை என்று நினைக்கிறோம். அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம், தண்ணீரில் இறங்குகிறவர் யார் என்பது. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, லுத்தரன் எல்லாரும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தைக்காக வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்து விவரம் தெரிந்ததும் திடப்படுத்தலில் அந்த வாக்கைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும். பேப்டிஸ்ட்டுகள் அதை ஒத்துக்கொள்வதில்லை. விசுவாசம் என்பது ஒருவர் தானாகக் கேட்டு, புரிந்து, வாயைத் திறந்து சொல்ல வேண்டியது, அதை அம்மா அப்பாகூட முன்கூட்டியே பிள்ளைக்காகச் சொல்லி வைக்க முடியாது என்பார்கள். குழந்தை பிறந்தால் சபைக்குத் தூக்கிவந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வார்கள், தண்ணீர் கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டால் அவர்களைப் பற்றிய மற்ற எல்லாம், நல்லதும் கோணலும், இதிலிருந்தே விளங்கிவிடும்.

இந்த எண்ணம் முதலில் உதித்தது இவர்களிடம் இல்லை. 1525 ஜனவரியில் சூரிச் நகரத்தில் சிலர், குழந்தையில் வாங்கியது ஞானஸ்நானமே அல்ல என்று சொல்லி மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சபைப் பதிவேடும் குடிமக்கள் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்பது ஊரை விட்டே விலகுகிற பேச்சு. ஆகவே அரசாங்கத்துக்குக் கோபம் வந்தது. பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527-இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். முழுக்கு வேண்டுமா, இந்தா என்கிற மாதிரி. அனபேப்டிஸ்ட்டுகள் என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய மெனோனைட்டுகள்.

பேப்டிஸ்ட்டுகளின் சொந்தக் கதை 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் அரசுச் சபையோடு ஒத்துப்போக முடியாமல் தப்பி வந்த ஒரு சின்னக் கூட்டம், தலைவர் ஜான் ஸ்மித். இவர்கள் கூடியது யான் முன்டர் என்ற மெனோனைட்டுக்குச் சொந்தமான பழைய ரொட்டிக் கூடத்தில். ஸ்மித் பைபிளைப் புரட்டிப் புரட்டி, குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்ற முடிவுக்கு வந்தார். சரி, அப்படியானால் எங்கள் கூட்டத்தில் யாருமே ஞானஸ்நானம் வாங்கியவர் இல்லை, யார் யாருக்குக் கொடுப்பது? ஸ்மித் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார்! அப்புறம் மற்றவர்களுக்கு. கொஞ்ச நாளில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான் செய்தது சரியா என்று; மெனோனைட்டுகளோடு சேர மனுப் போட்டார், சேரும் முன்பே 1612-இல் இறந்துபோனார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. தான் தொடங்கியதையே சந்தேகப்பட ஒரு நேர்மை வேண்டும்.

இன்னொரு சுவாரசியம். ஸ்மித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாராம், மூழ்கவில்லை. லண்டனில் ஒரு கூட்டம் முழுக்கு ஞானஸ்நானத்துக்கு மாறியது 1641 வாக்கில்தான். 1644-இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில் அதை எழுதியே வைத்தார்கள். ஆக முப்பது வருடம் முழுக்கு இல்லாமலே பேப்டிஸ்ட்டுகள் இருந்திருக்கிறார்கள். பேப்டிஸ்ட் என்ற பெயரும் அவர்கள் வைத்துக்கொண்டதில்லை, எதிராளிகள் கேலியாக வைத்தது. இயேசுவுக்கே ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகன் காலத்திலிருந்தே எங்கள் சபை அறுபடாமல் வருகிறது என்று சில பேப்டிஸ்ட்டுகள் சொல்வார்கள்; வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. (நம் தூத்துக்குடிப் பக்கம் பாப்டிஸ்ட் என்று பெயர் வைத்திருப்பவர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர், அது ஸ்நானகனின் பெயர்.)

ஸ்மித்தின் கூட்டாளி தாமஸ் ஹெல்விஸ் அவரோடு கருத்து வேறுபட்டு, ஒரு சிறு கூட்டத்தோடு லண்டனுக்கே திரும்பி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சபை வைத்தார். அங்கே பிடிப்பார்கள் என்று தெரிந்தேதான் போனார். 1612-இல் அவர் போட்ட ஒரு புத்தகத்தின் பிரதியில், ராஜா முதலாம் ஜேம்ஸுக்கு என்று தன் கையாலேயே எழுதினார்: அரசன் சாகப்போகிற மனிதன், கடவுள் அல்ல, ஆகவே குடிமக்களின் அழியாத ஆத்துமாவின் மேல் அவனுக்கு அதிகாரம் கிடையாது. பல்லவ மன்னனின் ஆட்களுக்கு அப்பர் கொடுத்த பதிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானதுதான். ஹெல்விஸ் தனக்கு மட்டும் விடுதலை கேட்கவில்லை. மதத்தில் புரட்டன் என்று சொல்லப்படுகிறவனாக இருந்தாலும், துருக்கியனாக இருந்தாலும், யூதனாக இருந்தாலும் அவனை அரசு தண்டிக்கக் கூடாது என்று எழுதினார். அன்றைக்குத் துருக்கியன் என்றால் முஸ்லிம் என்று அர்த்தம். 1612-இல், இங்கிலாந்தில், இப்படி! நியூகேட் சிறையில் போட்டார்கள், 1616-க்குள் அங்கேயே செத்துப்போனார்.

பாருங்கள், எல்லாம் அதே நூலில்தான் வருகிறது. பிள்ளைக்காகப் பெற்றோரே விசுவாசம் வைக்க முடியாது என்றால் ராஜா எப்படிக் குடிமக்களுக்காக வைப்பான்? அதனால்தான் மதமும் அரசும் தனித்தனியாக இருக்கட்டும் என்ற குரல் பேப்டிஸ்ட்டுகளிடமிருந்து விடாமல் கேட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை உண்டாக்கி, இங்கே யார் எந்த மதமாக இருந்தாலும் சரி என்றார். 1638-இல் அமெரிக்காவின் முதல் பேப்டிஸ்ட் சபை அங்கேதான் உருவானது. (அவரும் சில மாதத்தில் சபையை விட்டு விலகிவிட்டார். முன்னோடிகள் எல்லாரும் இப்படியே!) மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர் என்று தாமஸ் ஜெஃபர்சன் 1802-இல் எழுதியதை அமெரிக்க நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கும், அந்தக் கடிதம் கனெக்டிகட்டில் இருந்த டேன்பரி பேப்டிஸ்ட்டுகளுக்கு அவர் போட்ட பதில்.

சிறை என்றதும் ஜான் பனியன் ஞாபகம் வரும். பெட்ஃபோர்டில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற தொழில்காரர், அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தார். அவர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் அதைப் படித்த நம்மில் எத்தனை பேருக்கு, அதன் மூலக்கதைக்காரர் பேப்டிஸ்ட் சார்புள்ள ஒரு சபையில் பிரசங்கித்த கைவினைஞர் என்று தெரியும்?

அப்புறம், சபையை யார் நடத்துவது? பிஷப் கிடையாது, டயோசிஸ் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காலில் நிற்கும். பாஸ்டரை வைப்பதும் அனுப்புவதும், கட்டிடம் கட்டுவதும், கணக்குப் பார்ப்பதும் எல்லாம் ஞானஸ்நானம் எடுத்த அங்கத்தினர்கள் கூடி ஓட்டுப் போட்டு. பல சபைகள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொள்ளும், ஆனால் சங்கம் சபைக்கு உத்தரவு போட முடியாது, அதிகபட்சம் சங்கத்தை விட்டு நீக்கலாம். கேட்க நன்றாக இருக்கும். கீழ்வீட்டு அக்காவைக் கேட்டால் வேறு கதை சொல்வார்: மின்விசிறி ஆறு வாங்குவதா எட்டு வாங்குவதா என்று இரண்டு மணி நேரம் பேசி, முடிவெடுக்காமல் சமோசா சாப்பிட்டுவிட்டுக் கலைந்த கூட்டங்கள் எல்லாம் உண்டாம். பிஷப் தேர்தல் நடக்கிற சிஎஸ்ஐயில் இருந்துகொண்டு நான் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இதே காரணத்தால் பேப்டிஸ்ட் என்றால் இன்னதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிந்தார்கள்: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்கிறவர்கள், தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காக மட்டும் என்கிறவர்கள். பெண்கள் பாஸ்டராகலாமா என்பதற்கு ஒரு சபை ஆம் என்னும், அடுத்த தெரு பேப்டிஸ்ட் சபை பைபிளை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரும்.

இந்தியாவுக்கு வருவோம். 1792 அக்டோபர் 2-இல் இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற சிறு ஊரில், ஒரு விதவை வீட்டின் பின்னறையில் பன்னிரண்டு பதினாலு பேர் கூடி ஒரு மிஷன் சங்கம் தொடங்கினார்கள், வாக்களித்த காணிக்கை 13 பவுனும் சில்லறையும். அந்தக் காசை நம்பி வந்தவர் வில்லியம் கேரி, செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். 1793-இல் கல்கத்தா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் பிடிக்காது, வியாபாரம் கெடும். ஆகவே 1800-இல் டென்மார்க்காரர்கள் ஆண்ட செராம்பூருக்குப் போனார்கள். தரங்கம்பாடியும் அதே டென்மார்க்காரர்கள் வைத்திருந்ததுதான், 1845-இல் இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஏழு வருடம் ஒரு இந்தியர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. 1800 டிசம்பர் 28-இல் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் இறங்கினார். கை மூட்டு விலகி, மிஷன் டாக்டரிடம் வைத்தியம் பார்க்க வந்தவர்.

கேரியும் அவரோடு இருந்த மிஷனரிகள் மார்ஷ்மனும் வார்டும் சேர்ந்து 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் ராஜா 1827-இல் பட்டம் கொடுக்கும் உரிமை கொடுத்தார். இன்றைக்கும் நம் சிஎஸ்ஐ ஆயர்களில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் போடும் பி.டி. என்ற இறையியல் பட்டம், அவர்கள் மதுரை அரசரடியில் படித்திருந்தாலும் பெங்களூர் மில்லர்ஸ் ரோடு பக்கம் படித்திருந்தாலும், செராம்பூர் பட்டம்தான். குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கிற கைக்குச் சான்றிதழ் கொடுத்தது பேப்டிஸ்ட்டுகள் போட்ட அஸ்திவாரம். இதை எங்கள் ஆயரிடம் சொன்னேன், ரசிக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறிய அடோனிராம் ஜட்சன் கதை இதைவிட வேடிக்கை. அவர் குழந்தை ஞானஸ்நானக்காரர். கேரியின் பேப்டிஸ்ட்டுகளோடு வாதாட வேண்டி வருமே என்று கப்பலில் கிரேக்க வேதத்தை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார், எடுக்க எடுக்க அவர்கள் பக்கம்தான் சரி என்று பட்டுவிட்டது. 1812-இல் கல்கத்தாவில் இறங்கி முழுக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த வருடம் ரங்கூன் போனார். பர்மிய மொழியில் முழு பைபிளையும் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்கு மியான்மரின் கிறிஸ்தவர்களில் பேப்டிஸ்ட்டுகளே பெரிய கூட்டம்.

தெற்கே, நெல்லூர் ஓங்கோல் பக்கம் அமெரிக்க பேப்டிஸ்ட்டுகள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜான் கிளஃப் என்ற ஓங்கோல் மிஷனரி, நில அளவை தெரிந்தவர், பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் காண்ட்ராக்டை எடுத்து ஜனங்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக் கூடாதென்று நிவாரண வேலை நடந்தபோது ஞானஸ்நானத்தையே நிறுத்தி வைத்தார். தடையை எடுத்ததும் 1878 ஜூலை 3 ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர். பெரும்பாலும் மாதிகர்கள் என்ற தலித் மக்கள், ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக. இங்கே எனக்கு ஒரு உறுத்தல். தனித்தனியாக, தானாகத் தீர்மானிப்பதுதானே இவர்கள் கொள்கை, ஒரு சேரியே சேர்ந்து இறங்கினால்? ஆனால் ஊர் ஒதுக்கி வைத்த ஒருவன் தனியாக எடுக்கிற தீர்மானம் அவனை அடுத்த நாள் தனியாக அடி வாங்க வைக்கும், சேர்ந்து எடுத்தால் நிற்கலாம். தீர்மானம் தனியாளுடையது என்று சொல்வதற்கே கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது போல.

தமிழ்நாட்டில் இவர்கள் கொஞ்சம்தான். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும் இருந்தார்கள், ஸ்ட்ரிக்ட் பேப்டிஸ்ட் மிஷன். ஸ்ட்ரிக்ட் என்றால் கண்டிப்பான குணம் என்று அர்த்தமில்லை. முழுக்கு எடுத்த விசுவாசிக்கு மட்டும்தான் இராப்போஜனம் (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) என்று வரம்பு கட்டியவர்கள். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்துபோக, எவ்லின் தொண்ணூறு வயது தாண்டியும் மலைவாசிகளுக்கே உழைத்தார். அவர்கள் மகன்தான் வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட். ஹெப்பாள் ஆஸ்பத்திரிக்கும் வேலூருக்கும் தொடர்பு உண்டு: 1973-இல் அமெரிக்கத் தெற்கத்தி பேப்டிஸ்ட்டுகள் அதைத் தொடங்கினார்கள், பிற்பாடு நிர்வாகம் சிஎம்சி கைக்கு வந்தது.

1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் சேர்ந்து சிஎஸ்ஐ ஆனபோது பேப்டிஸ்ட்டுகள் சேரவில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும், பிஷப்பும் குழந்தை ஞானஸ்நானமும். வடக்கே 1970-இல் சிஎன்ஐ என்ற வட இந்தியத் திருச்சபை உருவானபோது அங்கே ஒரு பகுதி பேப்டிஸ்ட்டுகள் சேர்ந்தார்கள். இரண்டு விதமாகவும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று இடம் வைத்த பிறகு.

நாகாலாந்து தனிக்கதை. எட்வர்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் 1872-இல் ஆவோ நாகர்களிடம் போனார். அவருக்கு முன்னாலேயே போய் வழி திறந்தவர் கோதுலா என்ற அசாமியர். 2011 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் 87.93 சதவீதம், அதில் பெரும்பங்கு பேப்டிஸ்ட். எங்கள் கம்மனஹள்ளிப் பக்கம் சலூனில் வேலை பார்க்கும் நாகாப் பையனிடம் நீ எப்போது பேப்டிஸ்ட் ஆனாய் என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பிறந்ததிலிருந்தே" என்றான். அரசுச் சபை வேண்டாம், பிறப்பால் வருவது விசுவாசமில்லை என்று சொல்லிச் சிறைக்குப் போனவர்களின் வாரிசுகள், ஒரு மாநிலத்திலேயே பெரும்பான்மையாகி, பிறப்பாலேயே பேப்டிஸ்ட் ஆகிறார்கள். ஹெல்விஸ் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ.

கோணல் என்று மேலே சொன்னேன், அது அமெரிக்காவில். 1845-இல் ஜார்ஜியாவில் அகஸ்டா என்ற ஊரில் தெற்கத்தி பேப்டிஸ்ட்டுகள் தனிச் சங்கம் தொடங்கினார்கள். காரணத்தைச் சுற்றி வளைக்க வேண்டாம்: அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில், அனுப்பலாம் என்ற பக்கம் இவர்கள். ராஜாவுக்கே ஆத்துமாவின் மேல் அதிகாரமில்லை என்றவர்கள், பருத்தித் தோட்டக்காரனுக்கு உடம்பின் மேல் அதிகாரம் உண்டு என்று வேத வசனம் காட்டினார்கள். மன்னிப்புக் கேட்டது 1995-இல், நூற்றைம்பது வருடம் கழித்து. அமெரிக்காவில் கத்தோலிக்கருக்கு அடுத்த பெரிய சபைக் கூட்டம் இன்றும் அதுதான், 1.2 கோடிக்கு மேல்.

ஆனால் அதே தோட்டங்களில் அடிமைகளும் பேப்டிஸ்ட் ஆனார்கள். பிஷப் அனுமதி வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம், கூடிப் பாடி ஜெபித்து ஒருவரைப் பிரசங்கியாக ஏற்றுக்கொண்டால் அது ஒரு சபை. எஜமான் கையில் இல்லாத ஒரே இடம். விடுதலை பெற்ற அடிமை ஜார்ஜ் லீல் 1783-இல் ஜமைக்காவில் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார், கேரி கப்பலேறுவதற்குப் பத்து வருடம் முன்னால். முதல் பேப்டிஸ்ட் மிஷனரி என்று கேரியைச் சொல்வது வெள்ளைக்காரர் எழுதிய கணக்கு. அதே ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற பேப்டிஸ்ட் டீக்கன், அவரும் அடிமை, 1831 கிறிஸ்துமஸில் வேலைநிறுத்தமாகத் தொடங்கிய கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தூக்கிலேறினார். 1833-இல் பிரிட்டன் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் போட்டது.

இந்த வரிசையில் வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். அட்லாண்டா எபனேசர் பேப்டிஸ்ட் சபைப் பாஸ்டர், பாஸ்டர் மகன். பிறந்தபோது பெயர் மைக்கேல். அப்பா 1934-இல் உலக பேப்டிஸ்ட் மாநாட்டுக்காக பெர்லின் போய்வந்து, லுத்தரன் சபைக்குப் பெயர் கொடுத்த மார்ட்டின் லூதரின் நாட்டைப் பார்த்த வேகத்தில் தன் பெயரையும் மகன் பெயரையும் மாற்றிவிட்டார். லூதரோ குழந்தை ஞானஸ்நானத்தை விட்டுக்கொடுக்காதவர்! பெயர் வைக்கும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.

அந்த மாநாட்டை நடத்திய பேப்டிஸ்ட் உலகக் கூட்டணி 1905-இல் லண்டனில் ஆரம்பித்தது. அதில் இருக்கும் சங்கங்களின் அங்கத்தினர் எண்ணிக்கை சுமார் 5 கோடி. தெற்கத்தி பேப்டிஸ்ட்டுகள் 2004-இல் வெளியேறிவிட்டதால் அவர்கள் இதில் இல்லை. இன்னொன்று, முழுக்கு எடுத்தவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணுகிற சபைகளின் கணக்கோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அந்த அண்ணன் மறுபடி கேட்டால் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவேன்: முழுக்கு கொடுக்கிறவர்கள் எல்லாம் பேப்டிஸ்ட் இல்லை. பெந்தெகொஸ்தேக்காரர்களும் முழுக்குதான், ஆனால் அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்கள், அந்நியபாஷையும் அபிஷேகமும் அவர்களின் அடையாளம். பிரதரன் கூட்டத்தாரும் முழுக்குதான், அங்கே சம்பளத்துக்குப் பாஸ்டர் வைக்கும் வழக்கமே இல்லை. பேப்டிஸ்ட் ஆராதனை பொதுவாக அமைதியானது, பிரசங்கம் நீளம், அன்றைக்கு ஐம்பது நிமிடம் ஓடியது.

அன்றைக்கு என்றதும் ஒன்று விட்டுப்போயிற்று. எடுக்கிறவர்கள் பட்டியலில் நாலு பெயர் இருந்தது, இறங்கியது மூன்று பேர். நாலாவது பத்தாவது படிக்கிற ஒரு பெண், அங்கி போட்டு நின்றிருந்தாள். அவள் முறை வந்ததும் பாஸ்டரிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். "இப்ப வேணாமாம்மா?" என்று அவர் கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, அடுத்த பாட்டு நம்பரைச் சொன்னார்.

அவள் பாட்டிக்குத்தான் ஆறவில்லை. மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார், புதுச் சேலை வேறு. பிரியாணிப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியின் இலைக்குத் தயிர்ப் பச்சடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பையன்கள் வரிசையாக நின்று, டேங்கருக்குக் கொடுத்த காசை நினைத்தோ என்னவோ, தொட்டித் தண்ணீரை பக்கெட் பக்கெட்டாக மொண்டு வாசல் படியையும், சுவரோரம் நின்ற நாலு வாழையையும் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.